நடாலி கோலின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ வினைலில்: அந்த ஒரு பாட்டுக்காக வாங்காதீர்கள்

நடாலி கோல் தன் அப்பா நாட் கிங் கோலின் பாட்டுகளை எடுத்துப் பாடிய ‘அன்ஃபர்கெட்டபிள்... வித் லவ்’ இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு வினைல் தட்டுகளாக, மறுபடி வந்திருக்கிறது, என்னிடம் சிடி இருக்கிறது, வினைலும் வாங்க வேண்டுமா, செத்துப்போன அப்பாவோடு சேர்ந்து பாடியதாகச் செய்திருக்கும் அந்தக் கடைசிப் பாட்டு ‘அன்ஃபர்கெட்டபிள்’ வெறும் ஸ்டூடியோ தந்திரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் அந்தக் கடைசிப் பாட்டுக்காக வாங்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கிற இருபத்தோரு பாட்டுக்காக வாங்குங்கள். இந்த ஆல்பத்தைப் பற்றி யார் பேசினாலும் நேராக அந்த ஜோடிப் பாட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். அது ஓரளவு நியாயமும்தான், அந்தப் பாட்டுதான் ஆல்பத்தை விற்றது. ஆனால் 1991 முதல் இதைக் கேட்டு வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை மட்டும் கேட்டுவிட்டு மூடிவைத்தவர்கள் முக்கியமானதைத் தவறவிட்டவர்கள். வினைலில் இது ஏன் வேறு மாதிரி கேட்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பா. நாட் கிங் கோல் 1919இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் பிறந்தவர், வளர்ந்தது சிகாகோவில், தந்தை பாப்டிஸ்ட் போதகர். அவரைப் பாடகராக மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவர் முதலில் பியானோக்காரர், அதுவும் சாதாரணப் பியானோக்காரர் இல்லை. 1930களின் கடைசியில் அவர் அமைத்த மூவர் குழுவில் பியானோ, கிதார், பாஸ் மட்டும்தான், டிரம்ஸே கிடையாது. தாளத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1943இல் பதிவான ‘ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்’தான் அவரைப் பெரிய அளவில் தெரியவைத்தது. அது அவருடைய தந்தை பிரசங்கத்தில் சொன்ன கதை. ஒரு வல்லூறு குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது, நடுவானில் கீழே தள்ளப் பார்க்கிறது, குரங்கோ வாலை அதன் கழுத்தில் சுற்றி ஒழுங்காகப் பற என்கிறது. அப்புறம் 1948இல் ‘நேச்சர் பாய்’, 1950இல் ‘மோனா லிசா’, 1951இல் ‘டூ யங்’ என்று வரிசையாக முதலிடம் பிடித்த பாட்டுகள். ஹாலிவுட்டில் கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் 1956இல் கட்டிய வட்டக் கோபுரத்தை ‘நாட் கட்டிய வீடு’ என்றே சொல்வார்கள், அந்த அளவுக்கு அவருடைய தட்டுகள் விற்றன.

அதே 1956 ஏப்ரலில்தான் அலபாமாவின் பர்மிங்காமில் மேடையில் பாடிக்கொண்டிருந்தவரை வெள்ளை நிறவெறியர்கள் ஏறிவந்து தாக்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது, நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வராமல் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளாடி 1957 டிசம்பரில் நின்றது. லாஸ் ஏஞ்சலஸில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்த கதையும் உண்டு. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் குரலில் ஒரு நிதானம் இருக்கிறதே, எதற்கும் பதறாத குரல், அது சுகவாசியின் குரல் இல்லை. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு அப்படிப் பாடியவர் அவர். சிகரெட் மட்டும் விடவில்லை. 1965 பிப்ரவரி 15 அன்று நுரையீரல் புற்றுநோயில் போனார், வயது 45. மகள் நடாலிக்கு 15 வயது நிறைந்து ஒன்பதே நாள்.

இந்த மகள் அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. அது ஒரு பெரிய விஷயம். 1975இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் ‘இன்செபரபிள்’ முழுக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் எனப்படும் ஆர்&பி, அதிலிருந்த ‘திஸ் வில் பி’ பாட்டைக் கேட்டால் அப்பாவின் நிழல்கூடத் தெரியாது, சோல் பாடகி அரிதா ஃப்ராங்க்ளினைத்தான் நினைப்பீர்கள். புதுக் கலைஞருக்கான கிராமி கிடைத்தது, அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அதற்குப் பிறகு போதைப் பழக்கம், சரிவு, 1983இல் மறுவாழ்வு மையம், மீண்டும் எழுந்து வந்தது எல்லாம் நடந்தது. இத்தனை வருடமும், அப்பாவின் பாட்டுகளை முழு ஆல்பமாகப் பாடலாமே என்ற யோசனை சுற்றி இருந்தவர்களுக்கு வராமலா இருந்திருக்கும்? பெரிய வித்வானின் பிள்ளைகளுக்கு எங்கும் இதே பாடுதான். பாடினால் ‘அப்பா மாதிரி இல்லை’ என்பார்கள், அப்பா மாதிரியே பாடினால் ‘காப்பி’ என்பார்கள், பாடாமலே இருந்தால் ‘ஏன் பாடவில்லை’ என்பார்கள். அவர் 41 வயதுவரை காத்திருந்தார். அப்படிக் காத்திருந்தது சரியான முடிவு என்பதை ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே கேட்கலாம்.

1991 ஜூனில் எலெக்ட்ரா நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் மூன்று பேர்: டேவிட் ஃபாஸ்டர், டாமி லிபுமா, அப்போது நடாலியின் கணவராக இருந்த ஆண்ட்ரே ஃபிஷர். ஒலிப்பதிவில் அல் ஷ்மிட், இந்த மாதிரி வயலின் போன்ற நரம்பிசை சூழ்ந்த குரல்பாட்டுகளைப் பதிவு செய்வதில் அமெரிக்காவின் பெரிய கை. மொத்தம் 22 பாட்டு, ஏறக்குறைய 73 நிமிடம். அந்த வருடம் வானொலியில் ஓடிக்கொண்டிருந்தவற்றோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம், அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கான சான்று. 1992 கிராமியில் சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு, சிறந்த பாட்டு மூன்றும் இதற்கே. சிறந்த பாட்டுக்கான பரிசு பாட்டை எழுதியவருக்குப் போகும், ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாட்டை எழுதிய இர்விங் கோர்டன் 1951இல் எழுதியதற்கு நாற்பது வருடம் கழித்துப் பரிசு வாங்க மேடையேறினார். பழைய பாட்டுக்கு இந்த வருடப் பரிசா என்று முணுமுணுப்பு எழுந்தது. அவரோ சும்மா இருக்காமல், கத்தாமல் கூச்சல் போடாமல் பாடக்கூடிய ஒரு பாட்டுக்குப் பரிசு கிடைத்ததே என்ற பொருளில் புதுப் பாடகர்களை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் இறங்கினார். அவர் அந்தப் பாட்டுக்கு முதலில் வைத்திருந்த தலைப்பு ‘அன்கம்பேரபிள்’, பதிப்பகம் சொல்லி மாற்றினார். மாற்றியது நல்லதாகப் போயிற்று.

சரி, பாட்டுக்கு வருவோம். முதல் பாட்டு ‘தி வெரி தாட் ஆஃப் யூ’. நரம்பிசை விரிந்து, குரல் உள்ளே வருகிறது. அங்கே நடாலி என்ன செய்யவில்லை என்று கவனியுங்கள். அவர் ஆர்&பி பாடகி, ஒரு சொல்லுக்கு ஐந்து சங்கதி போடத் தெரிந்தவர், பதினைந்து வருடம் அதைச் செய்தே பேர் வாங்கியவர். இங்கே ஒரு சங்கதி இல்லை. சொல் நேராக விழுகிறது, மெய்யெழுத்து தெளிவாகக் கேட்கிறது, சொல்லின் கடைசி எழுத்துவரை உச்சரித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். அப்பாவின் குரலையோ, அந்தக் கரகரப்பையோ, இழுப்பையோ எடுத்துக்கொள்ளவில்லை. நாட் கிங் கோல் பாடினால் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெரியும், அந்தப் பழக்கத்தை மட்டும் மகள் வாங்கிக்கொண்டு மீதியைத் தன் வழியில் பாடுகிறார்.

அடுத்தடுத்து ‘பேப்பர் மூன்’, ‘ரூட் 66’. பெரிய நரம்பிசைக் கூட்டம் ஒதுங்கிக்கொள்ள, பாட்டு துள்ளத் தொடங்குகிறது. அப்பாவின் தம்பி ஐக் கோலும் இந்த ஆல்பத்தில் பியானோவில் உட்கார்ந்திருக்கிறார், குடும்பத்துக் கை. ‘ரூட் 66’ என்பது சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் நெடுஞ்சாலையில் வரும் ஊர்ப்பெயர்களின் பட்டியல், அவ்வளவுதான், பாபி ட்ரூப் எழுதி அப்பா 1946இல் பதிவு செய்தது. ஊர்ப்பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பாடகர் என்ன செய்ய முடியும்? காலப்பிரமாணத்தோடு விளையாடலாம். அப்பா சில ஊர்களைத் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் வைப்பார், வண்டியை மெதுவாக ஓட்டுகிறவர் மாதிரி. மகள் சற்று முன்னால் போகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே சாலையில் இரண்டு ஓட்டுநர்கள்.

‘லஷ் லைஃப்’ பற்றி மட்டும் நீட்டிச் சொல்ல ஆசை. ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் பதின்ம வயதில் எழுதத் தொடங்கிய பாட்டு, சுரங்கள் எதிர்பாராத இடங்களுக்குத் தாவும், பாடகர்களைக் கவிழ்க்கவே எழுதியதுபோல இருக்கும். அப்பா 1949இல் பாடியிருக்கிறார். இதில் உணர்ச்சியைக் கொட்டத் தொடங்கினால் தொலைந்தது, குடிகாரன் அழுகிற மாதிரி ஆகிவிடும். நடாலி அதைக் கிட்டத்தட்ட பேச்சாகப் பாடுகிறார். மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்த ஒருத்தர் மதுக்கூடத்தில் முடிகிற பாட்டைப் பாடும்போது மிகையாகச் செய்ய எவ்வளவு இடம் இருந்திருக்கும், யோசியுங்கள். செய்யவில்லை. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் இதுதான், அந்த ஜோடிப் பாட்டு இல்லை.

எல்லாம் தேறும் என்று சொல்ல மாட்டேன். மூன்று பழைய பாட்டுகளைக் கோர்த்து ஒரு மாலையாக்கி இருக்கிறார்கள், எந்தப் பாட்டும் உட்கார நேரமில்லாமல் எழுந்து போய்விடுகிறது. ‘மோனா லிசா’ அழகாக இருக்கிறது, அப்பாவின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் மங்கல். வேற்றுமொழிச் சொற்கள் கலந்த பாட்டுகளில் அப்பாவிடம் இருந்த குறும்பு மகளிடம் இல்லை. 22இல் நான்கைந்தைக் கழித்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். சிடி காலத்தின் வியாதி அது. 74 நிமிடம் இடம் இருக்கிறது என்றால் 73 நிமிடம் நிரப்பியாக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட தந்திரத்துக்கு வருகிறேன். இதை முதலில் செய்தது நடாலி இல்லை. இரண்டு வருடம் முன்பே, 1989இல், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர் 1953இல் இறந்த தன் அப்பாவின் பழைய பதிவோடு சேர்ந்து பாடி அதற்கு கிராமியும் வாங்கியிருந்தார். ஆனால் கிதாரும் குரலுமாக இருக்கிற பழைய பதிவோடு சேர்வது வேறு, முழு ஆர்கெஸ்ட்ராவோடு பதிவான பாட்டிலிருந்து குரலை மட்டும் உருவி எடுத்துப் புது ஆர்கெஸ்ட்ராவுக்குள் வைப்பது வேறு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருப்பார்கள். குரலுக்குத் தனி மைக், தனி டிராக் என்றாலும் பின்னாலிருந்து வயலின்கள் அந்த மைக்குக்குள் கசிந்திருக்கும். இன்றைக்குக் கணினி அதைப் பிரித்துக் கொடுத்துவிடும், அன்று அந்த வசதி இல்லை. அதனால் புதிதாக வாசிக்கிறவர்கள் பழைய கசிவின் மேல் சரியாகப் போய் உட்கார வேண்டும், அதே சுருதி, அதே வேகம், அதே இடத்தில் அதே மூச்சு. ஒரு இழை பிசகினாலும் இரண்டு ஆர்கெஸ்ட்ரா கேட்கும். அப்பா சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிக்குப் பாடியவரும் இல்லை, வேகம் இங்கே கொஞ்சம் தளரும், அங்கே கொஞ்சம் பிடிக்கும். இத்தனை வாத்தியக்காரர்களும் போய்ச்சேர்ந்த ஒருவரின் காலப்பிரமாணத்துக்கு வாசிக்க வேண்டியிருந்தது. வாத்திய அமைப்புக்கான கிராமி ஜானி மேண்டலுக்குப் போனது, போக வேண்டியதுதான்.

இதைத் தந்திரம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன், தந்திரம்தான். ஆனால் எங்கே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். 22வது, கடைசி. இருபத்தோரு பாட்டைத் தனியாகப் பாடி, அப்பா இல்லாமல் இந்தப் பாட்டுகளோடு என்னால் நிற்க முடியும் என்று காட்டிய பிறகுதான் அப்பாவை உள்ளே கூப்பிடுகிறார். முதல் பாட்டாக வைத்திருந்தால் அது வியாபாரம். ஒரு வரி அவர், ஒரு வரி இவர், சேர்கிற இடங்களில் மகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், அப்பாவை மீறிப் போகவில்லை. இதற்குப் பிறகு 1993இல் ஃப்ராங்க் சினாட்ராவின் ‘டூயட்ஸ்’ வந்தது. அதில் அவரோடு பாடியவர்களில் பெரும்பாலானோர் ஒரே அறையில்கூட இல்லை, இத்தனைக்கும் அவர் உயிரோடு இருந்தார். அதைக் கேட்டால் இரண்டு பேர் இரண்டு ஊரில் இருப்பது எனக்குத் தெரிகிறது. இதைக் கேட்டால் தெரியவில்லை.

சரி, வினைல். மறுவெளியீடு கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் 2022இல் கொண்டுவந்தது, இரட்டை எல்பி. ஏன் இரண்டு தட்டு என்று சிலர் கேட்கிறார்கள், காசு பிடுங்கத்தானே என்று. இல்லை. எல்பியின் ஒரு பக்கத்தில் 20, 22 நிமிடம்வரை நன்றாக வெட்டலாம். அதைத் தாண்டினால் பாட்டு பதிந்திருக்கும் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும், முதலில் அடிவாங்குவது பாஸ். ஒலி குறைந்தால் தட்டின் இரைச்சல் மேலே வரும். 73 நிமிடத்தை நான்கு பக்கமாகப் பிரித்தால் பக்கத்துக்குச் சுமார் 18 நிமிடம், மெதுவான நரம்பிசைப் பாட்டுகளுக்கு இது தாராளம்.

எனக்கு வினைல் பிடிப்பதற்கு முக்கியமான காரணம் ஒலி இல்லை, இந்த 18 நிமிடம்தான். சிடியில் 73 நிமிடம் ஒரே மூச்சாக ஓடும், பத்தாவது பாட்டுக்கு மேல் காது மரத்துப்போகும், எத்தனை நல்ல பாட்டானாலும் வரிசையாக மெதுவான பாட்டுகள் வந்தால் பின்னணி இசை ஆகிவிடும், நாம் பாத்திரம் கழுவப் போய்விடுவோம். தட்டில் ஐந்தாறு பாட்டு முடிந்ததும் எழுந்து போய்த் திருப்ப வேண்டும். சிடியில் பலரும் வந்துசேராத பின்பாதிப் பாட்டுகள் தட்டில் ஒரு பக்கத்தின் முதல் பாட்டாக, இரண்டாவது பாட்டாகப் புதிதாகக் கேட்கும். கூடுதலாக இருக்கிறது என்று மேலே குறைபட்டேனே, அந்தக் குறை தட்டில் பாதியாகிவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு, அதுவும் சரியாகக் கடைசிப் பாட்டில். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, வெளி ஓரமானாலும் உள் ஓரமானாலும் அதே சுற்றுதான். வெளி ஓரத்தில் முள்ளுக்குக் கீழே நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் மடித்து வைக்க வேண்டும். உயர் சுரங்களின் நெளிவு முள்ளின் நுனியைவிடச் சிறிதாகிவிடும், முள் அதற்குள் போய்வர முடியாமல் தடுமாறும். கேட்கிறவர்களுக்கு அது ‘ஸ்’ என்று வரும் ஒவ்வொரு சொல்லிலும் எச்சில் தெறிப்பதுபோல ஒரு சீறலாகக் கேட்கும். போதாததற்கு, தட்டு வெட்டும்போது உயர் சுரங்களைத் தூக்கி, பாஸைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், பிறகு முள்ளிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்யும், ஆக ‘ஸ்’ எப்போதுமே பள்ளத்தில் பெரிதாகத்தான் உட்கார்ந்திருக்கும். சொற்களைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல உச்சரிக்கிற அப்பாவும் மகளும் பாடுகிற பாட்டு நான்காம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. ஆல்பத்தின் மிகப் பிரபலமான பாட்டு, தட்டின் மிக மோசமான இடத்தில்.

ஆனால் பக்கம் 18 நிமிடம்தான் என்பதால் தப்பிக்க வழி இருக்கிறது. வெட்டுகிறவர் நினைத்தால் பள்ளங்களை அகலமாகப் பரப்பிக் கடைசிப் பாட்டை உள்ளே தள்ளலாம், அல்லது கொஞ்சம் நெருக்கமாக வெட்டி லேபிளைச் சுற்றி நல்ல அகலத்துக்கு வெற்றிடம் விடலாம். உங்கள் கைக்கு வந்ததும் நான்காம் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மெதுவான பாட்டுகள் வழவழவென்று கருப்பாகத் தெரியும், பித்தளை வாத்தியம் முழங்குகிற இடங்கள் சாம்பல் பூத்ததுபோல மினுங்கும், பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஒரு மெல்லிய வளையம். கடைசி வளையத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருந்தால் நிம்மதியாகக் கேட்கலாம். லேபிளை ஒட்டிக்கொண்டே போயிருந்தால் உங்கள் முள்தான் கைகொடுக்க வேண்டும்.

முள் என்றதும், உங்களிடம் இருப்பது கூம்பு வடிவ முள்ளாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், குறைந்தது நீள்வட்ட முள், முடிந்தால் மைக்ரோலைன் மாதிரி மெல்லியது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதற்கு மூன்று விதமான கணக்குகள் புழங்குகின்றன, பேர்வால்ட், லோஃப்கிரென், ஸ்டீவன்சன். மூன்றாவது, உள் ஓரத்தில் முள்ளின் கோணப் பிழை குறையும்படி போட்ட கணக்கு, அதற்கு ஈடாக நடுவில் கொஞ்சம் கூடும். பாட்டுக் கச்சேரி மாதிரி கடைசியில் உச்சம் வைக்கிற தட்டுகளை அதிகம் கேட்கிறவர்களுக்கு ஸ்டீவன்சன் ஒத்துவரும். நான் பேர்வால்டில்தான் வைத்திருக்கிறேன், மெல்லிய முள்ளால் சமாளித்துக்கொள்கிறேன்.

தட்டின் எடை 180 கிராம் என்று உறைமேல் ஒட்டியிருந்தால் அதற்காகக் கூடுதல் மரியாதை தர வேண்டாம். கனமான தட்டு கையில் பிடிக்கச் சுகம், அவ்வளவு சீக்கிரம் வளையாது, அவ்வளவுதான், பள்ளத்தின் ஆழம் எல்லாத் தட்டிலும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது வேறு. நடு ஓட்டை சரியாக நடுவில் இருக்கிறதா? ஒரு முறை தபாலில் ஒரு தட்டு வரவழைத்தேன், மெதுவான பியானோப் பாட்டுகள், உறை பளபளவென்று புதுசு. போட்டதும் பியானோ தண்ணீருக்குள் வாசிப்பதுபோல ஆடியது. முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மைப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருக்கிறது. ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் விலகியிருந்தது, 1.8 விநாடிக்கு ஒரு முறை சுருதி ஏறி இறங்கியது. விற்றவரிடம் சொன்னேன், தட்டில் கீறல் இல்லையே என்றார். ராக் இசையில் இது தெரியாமலே போய்விடும், நீண்டு நிற்கிற பியானோவிலும் வயலினிலும் ஒளிய இடமே கிடையாது, இந்த ஆல்பம் முழுக்க அவைதான். ஆகவே வாங்கிய அன்றே நான்கு பக்கத்தையும் போட்டு, முள்ளைப் பாருங்கள், பாட்டு நின்று போகிற இடங்களில் வயலின் நேராக நிற்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றித் தரக் கேட்கிற நாளுக்குள் கேட்டுவிடுங்கள். கேட்கும் முன் ஒரு முறை ஈரச் சுத்தம் செய்துவிடுங்கள். புதுத் தட்டிலும் காகித உறையின் தூசி இருக்கும், இந்த மாதிரி அமைதியான பாட்டுகளில் ஒவ்வொரு ‘டிக்’கும் கேட்கும்.

வேறு ஒன்றும் வேண்டாம், ஒலி மட்டும்தான் வேண்டும் என்றால் சிடியே போதும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பதிவான ஆல்பம், சிடியிலும் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே கடைசிப் பாட்டுக்கு இந்தக் கண்டமெல்லாம் கிடையாது. நானே கடைசிப் பாட்டை மட்டும் சில நாள் சிடியில் கேட்கிறேன்.

தட்டை வாங்கினால் கூடவே அப்பாவின் ‘ஆஃப்டர் மிட்நைட்’ ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், 1957இல் வந்தது. பெரிய நரம்பிசைப் பாடகராகிவிட்ட பிறகு அவர் பழையபடி பியானோ முன் உட்கார்ந்து சின்னக் குழுவோடு செய்தது, டிரம்பெட்டில் ஹாரி எடிசன், வயலினில் ஸ்டஃப் ஸ்மித். அதிலும் ‘ரூட் 66’ இருக்கிறது, ‘பேப்பர் மூன்’ இருக்கிறது. மகளின் முதல் பக்கத்தைப் போட்டு அந்த இரண்டு பாட்டையும் கேளுங்கள், தட்டை எடுத்துவிட்டு அப்பாவுடையதைப் போடுங்கள், அதே இரண்டு பாட்டு. அப்பா பாடிக்கொண்டே பியானோவில் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்வார், பாட்டு வரி முடியும், வலது கை நக்கலாக ஒரு சொல் சொல்லும். மகளின் பதிவில் அந்த இடங்களில் வேறு யாரோ வாசிக்கிறார்கள், அவர் சும்மா காத்திருக்கிறார்.